புகைக்கறிக்கு ஒரு மாஸ்டர்

1. திறந்தது யார்

மூடியைத் திறந்தது யார் என்று நான் கேட்டபோது, அங்கே நின்ற ஆண்கள் அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் ராஜமாணிக்கம் சார் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அவருடைய மகன் தினேஷ் தம்பி அமெரிக்காவில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தது. வந்ததும் வராததுமாக ஒரு கெட்டில் அடுப்பு வாங்கியிருந்தது. உருண்டையாக இருக்கும், மூன்று கால், அதில் இரண்டுக்குச் சக்கரம், மேலே அதே அளவுக்குக் குவிந்த மூடி. உள்ளே ஒரு பக்கம் கரி, இன்னொரு பக்கம் தண்ணீர்த் தட்டு. தட்டுக்கு மேலே கம்பி வலையில் கறி. கறிக்கு அடியில் நெருப்பு இருக்கக் கூடாது. மூடியைப் போட்டுவிட்டு, மேலும் கீழும் உள்ள ஓட்டைகளைக் கொஞ்சமாகத் திறந்துவைத்தால் சூடு ஒரே சீராக உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கரிமேல் ஒரு கொய்யாக் கட்டையைப் போட்டால் மெல்லிய புகை வரும். அந்தப் புகையிலும் சூட்டிலும் ஒரு முழு ஆட்டுத் தொடை காலையிலிருந்து மதியம் வரை வேக வேண்டும். வேலை இவ்வளவுதான். மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் தொழில்.

அது நம் ஊரில் நடக்கிற காரியமா என்று அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் ஸ்டெல்லா. குயிலாப்பாளையத்துக்காரி. வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதிச் சமையலறைகளில் பாதி ஆயுசைக் கழித்தவள். இந்தக் கெட்டில் வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். என்னிடம் கற்றுக்கொண்டு போன ஆண்பிள்ளைகள் எல்லோரும் வேறு இடங்களில் மாஸ்டர் ஆனார்கள். நான் மட்டும் கடைசி வரைக்கும் ஹெல்பர். புதிதாகச் சேர்ந்த பையன் என்னிடமே வந்து, "அக்கா, மாஸ்டர் எங்கே?" என்று கேட்பான். நெருப்பை மூட்டியவள், கறிக்கு மசாலா தடவியவள், வெந்ததைக் கையால் தொட்டுச் சொன்னவள் அவன் எதிரிலேயே நிற்பேன்.

அதனால்தான் தினேஷ் தம்பி கூப்பிட்டவுடன் போனேன். பைபாஸ் ரோட்டில் புகைக்கறிக் கடை வைக்கப் போகிறதாம். இடம் அதனுடைய பெரியப்பாவுக்குச் சொந்தம். அவர் ஞாயிறு மதியம் வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்றால் இடம் கிடைக்கும். "கடை வந்துச்சுன்னா நீங்கதான்க்கா மாஸ்டர்," என்று தம்பி சொல்லியிருந்தது. அந்தச் சொல்லுக்காக அன்றைக்கு மாதா கோயில் பூசையைக்கூட விட்டுவிட்டுப் போனேன்.

2. ஆம்பளைச் சமையல்

பெண்பிள்ளைகளே, இந்தத் தொழிலுக்கு வந்தால் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்குள் இருக்கிற அடுப்பின் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்கள் எல்லோரும், அதே அடுப்பை வெளியே கொண்டுபோய் வைத்து அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் வைத்துவிட்டால் சமையல்காரர்களாகிவிடுவார்கள்.

சார் அன்று கறுப்பு ஏப்ரன் கட்டியிருந்தார். கையில் நீளமான இடுக்கி. அந்த இடுக்கியால் அவர் எதையும் எடுக்கவில்லை, சும்மா டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி வசந்தா அக்கா உள்ளே விடியற்காலையிலிருந்து பூண்டு உரித்து, இஞ்சி நசுக்கி, மிளகு இடித்து, வெங்காயம் அரிந்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கு உங்க அண்ணிக்கு ரெஸ்ட்டு. நாங்கதான் சமையல்," என்று சார் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அக்கா நாலாவது தடவை காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் நேராகக் கெட்டிலுக்குத்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வந்தவர் போர்வையை விலக்கிப் பார்ப்பது போல மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இன்னாப்பா, அப்படியே பச்சையா கீது?"

"வேகும் மச்சான். ஸ்லோ குக்கிங்," என்றார் சார்.

"ரெண்டு கரண்டி எண்ணெய் ஊத்துப்பா. வறண்டு போயிக்கினு இருக்குது பாரு."

"தெறக்காதீங்க சார்," என்று நான் சொன்னேன். "ஒரு வாட்டி தெறந்தா சூடெல்லாம் வெளிய போயிடும். மறுபடி ஏறுறதுக்கு நேரமாவும்."

"சும்மா பாக்கறதுக்குத்தாம்மா," என்றார் மூடியைத் தூக்கியவர். பார்த்தால் சூடு போகாது என்பது அவர் நினைப்பு. அவர் மூடியதும் அடுத்தவர் வந்து திறந்தார். தினேஷ் தம்பி போனைக் காட்டி, கறிக்குள் ஒரு கம்பி குத்தியிருக்கிறது, சூடு எவ்வளவு என்று இதிலேயே தெரியும் என்று விளக்கியது. எல்லோரும் போனை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு போன் சொல்வது சரிதானா என்று பார்க்க மூடியைத் திறந்தார்கள்.

சூடு இறங்கிக்கொண்டே போனது. பெரியப்பா வரும்போது பாதி வெந்த கறியை வைத்தால் கடையும் இல்லை, நான் மாஸ்டரும் இல்லை.

இதற்கு நடுவில் ஒருத்தர் புகையை மூக்கால் இழுத்து, "இந்த ஃப்ளேவர் ஃபாரின்லதான் கிடைக்கும்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் வெயில் வராதபோது, உப்புப் போட்ட கறியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவோம். பள்ளிக்கூடத்தில் எங்கள் உடுப்பில் அந்த வாசனை அடிக்கிறது என்று பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போன பிள்ளைகள் உண்டு. அப்போது அதற்குப் பெயர் நாற்றம். ஃப்ளேவர் ஆவதற்கு அது விமானம் ஏறிப் போய்விட்டு வர வேண்டியிருந்தது.

3. எமகண்டம்

நான் சமையலறைக்குள் போய் வசந்தா அக்காவிடம் சொன்னேன். "அக்கா, இப்படியே தெறந்துக்கினு இருந்தாங்கன்னா ராத்திரிக்குத்தான் வேகும்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "நீ சொன்னா கேக்க மாட்டாங்க ஸ்டெல்லா. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. இரு."

பூஜை அறைக்குப் போய்த் தட்டோடு வந்தார். நேராகக் கெட்டிலிடம் போனார். மூடியில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தார், சூட்டில் அது உடனே காய்ந்தது. அதன்மேல் குங்குமம். கைப்பிடியில் பூச்சரத்தைச் சுற்றினார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினார். ஆண்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சார் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"புது சாமானுக்குப் பூஜை போடாம ஆரம்பிச்சிட்டீங்க," என்றார் அக்கா. "இப்ப எமகண்டம் வருது. அது முடியிற வரைக்கும் மூடியை யாரும் தெறக்கக் கூடாது. ஜோசியர் சொல்லிட்டாரு."

அக்கா எந்த ஜோசியரையும் கேட்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒருவர் கிட்டே வரவில்லை. தெர்மாமீட்டரும் போனும் சொல்லிக் கேட்காதவர்கள் இரண்டு எலுமிச்சம்பழத்துக்குக் கட்டுப்பட்டார்கள். தெரியாமல் கிட்டே போன பக்கத்து வீட்டுக்காரரைச் சார் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சூடு மெதுவாக ஏறி நின்றது. நான் மாதாவைக் கும்பிடுகிறவள்தான். இருந்தாலும் அந்த எலுமிச்சம்பழங்களுக்கு அன்று மனதார நன்றி சொன்னேன்.

4. ஊரில் எங்கே

எமகண்டம் முடிந்து மூடியைத் திறந்தபோது தொடை கறுஞ்சிவப்பாக இருந்தது. எலும்பைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

பெரியப்பா வந்து உட்கார்ந்தார். பெரிய மீசை, வெள்ளை வேட்டி, அதிகம் பேசாத மனிதர். முதல் துண்டை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். இரண்டாவது துண்டுக்கு அவரே கையை நீட்டினார்.

"எப்படிண்ணே?" என்றார் சார். "எல்லாம் நம்ம தினேஷு பண்ணது."

தினேஷ் தம்பி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த வசந்தா அக்காதான் பேசினார். "தினேஷ் போனைப் பாத்துக்கினு இருந்தான் மாமா. பண்ணது இவங்க," என்று என்னைக் காட்டினார்.

பெரியப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயில் கறி இருந்தது.

"எந்த ஊரும்மா?"

"குயிலாப்பாளையங்க."

"குயிலாப்பாளையத்துல எங்க?"

இந்தக் கேள்வியை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் தெருவுக்கு வழி கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சூடாகிப் போனது.

"நீங்க சாப்புட்டு முடிங்கய்யா," என்றேன். "அப்புறமா சொல்றேன்."

அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். அதற்கு மேலும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிய பிறகு, நான் நிற்பது தெரிந்தே தினேஷ் தம்பியிடம் சொன்னார். "கடையை எடுத்துக்க. முன்னாடி நிக்கிறதுக்கு ஒரு நல்ல பையனாப் போடு. மாஸ்டர்னு சட்டை தச்சுக் குடு. இது பின்னாடி இருந்துக்கினு செய்யட்டும்."

தம்பி என்னைப் பார்த்தது. பிறகு போனை எடுத்துப் பார்த்தது.

"அப்ப அந்தப் பையனே செய்யட்டும் தம்பி," என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் அழுதேன், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடை திறந்தார்கள். மாஸ்டர் சட்டை போட்ட பையன் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டு, வருகிறவர்களை இழுப்பதற்காக ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்து காட்டினானாம். கறி ரப்பராக இருந்தது என்று திண்டிவனமே பேசியது. சீக்கிரமே தினேஷ் தம்பி குயிலாப்பாளையத்துக்கு வந்தது. விசாரித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்து, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தது.

"சம்பளம் எவ்ளோக்கா வேணும்?"

"சம்பளத்தை நீயே சொல்லு தம்பி. சட்டை எனக்கு வேணும். முன்னாடி நிப்பேன்."

இப்போது முன்னால்தான் நிற்கிறேன். சேலைக்கு மேலே அந்தச் சட்டை, முதுகில் மாஸ்டர் என்று எழுதியிருக்கும். இந்த வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சம்பளம் பேசும்போதே உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதையும் பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. இன்னொன்று, நல்ல சாப்பாடு போட்டால் மனுஷர்கள் மனம் மாறிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெரியப்பா ஞாயிறு தவறாமல் கடைக்கு வருகிறார். "மாஸ்டர், எலும்போட நாலு துண்டு வைம்மா," என்பார். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கும் பார்சல் வாங்கிக்கொண்டு போவார். ஊரில் எங்கே என்று அவர் மறுபடி கேட்டதே இல்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் அவர் சாப்பிடுவதை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் கேட்க மாட்டார்.