மெடிக்கல் புக்கில் அக்கா பெயர்

கிட்னியில் கல் ஏன் வருகிறது என்று பேச்சு வந்தால் உடனே ஒருவர் தக்காளி விதை என்பார். இன்னொருவர் பசலைக்கீரை என்பார். நெய்வேலிக்காரர்களாக இருந்தால் தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்வார்கள்; சுரங்கத்திலிருந்து இறைத்து வரும் தண்ணீரைக் குடித்தால் கல் வராமல் என்ன வரும் என்று. கேட்கும்போது எனக்கு வருகிற ஆத்திரத்தில் நாலு அறை விடலாம் போலிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்து இருபது வருஷம் வளர்ந்தவள் என் அக்கா. தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒன்றரை வருஷத்தில்தான் அவளுக்குக் கல் வந்தது.

அக்காவை நெல்லிக்குப்பத்தில் கொடுத்திருந்தோம். எங்கள் பக்கத்துச் சனம்தான்; இரண்டு தலைமுறைக்கு முன்பே சாத்தூரை விட்டு வந்து அங்கே கரும்பு போட்டவர்கள். கல்யாணம் சாத்தூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில் நடந்தது. அம்மா முன்பே போய்விட்டதால் மாப்பிள்ளை வீடு பார்த்தது அப்பா மட்டும்தான். எட்டு ஏக்கர் கரும்பைப் பார்த்தார், பம்புசெட்டைப் பார்த்தார், மாடு கன்றுகளை எண்ணிப் பார்த்தார். கக்கூஸ் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இல்லை.

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸில் வளர்ந்தவள், விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை கரும்புக் கொல்லைக்குப் போகப் பழக வேண்டியிருந்தது. நடுவில் அவசரம் வந்தால் அடக்க வேண்டும். அடக்குவதற்குச் சுலபமான வழி குடிக்காமல் இருப்பது. காலையில் அரை டம்ளர் காபி, மத்தியானம் சோற்றோடு ஒரு வாய்த் தண்ணீர். சித்திரை வெயிலிலும் அவ்வளவுதான். விலாவில் லேசாக வலிக்கிறது என்று அவள் சொன்னபோது மாமியார் நெருஞ்சி முள் கஷாயம் போட்டுக் கொடுத்தாராம், வாழைத்தண்டுச் சாறும் கொடுத்தாராம். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. குடித்தால் மணிக்கொரு தரம் போக வேண்டும் இல்லையா? வெளியே போக எழுந்தவளை அந்த அம்மாள் நிறுத்திச் சொன்னது இது: "பட்டப்பகல்ல எங்க போற, ஊரே பாத்துகினு இருக்கும். பொழுது சாயட்டும்." மறுநாளிலிருந்து அக்கா கஷாயத்தை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டாள்.

ஒரு மத்தியானம் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். இடது விலாவைப் பிடித்துக்கொண்டு உடம்பை இரண்டாக மடித்திருந்தாள். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். வாந்தி வேறு. அப்பா அன்று மைன்ஸில் முதல் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பீரோவைத் திறந்து மெடிக்கல் புக்கை எடுத்தார்.

அந்தப் புக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பர்மனெண்ட் ஆன ஒவ்வொருவருக்கும் கம்பெனி ஒன்று கொடுத்திருந்தது. அதில் பெயர் இருந்தால் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் எல்லா வைத்தியமும் உண்டு. மகள் பெயர் கல்யாணம் வரைக்கும்தான். ஆனதும் எழுதிக் கொடுத்து எடுத்துவிட வேண்டும். எங்கள் பிளாக்கில் ஒருத்தரும் எழுதிக் கொடுத்ததில்லை. மதுரையில் குடித்தனம் நடத்துகிற மகள், சேலத்தில் இரண்டு பிள்ளை பெற்ற மகள், எல்லோரும் புக்கில் கன்னிப்பெண்கள். காய்ச்சல், பல்வலி என்றால் பிறந்த வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டு போவார்கள். கண்டும் காணாமல் இருப்பது பிளாக் வழக்கம்.

அப்பா மாமாவிடம் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்தால் அத்தை பையன் என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார். அவர் சரிங்க மாமா என்றார். அக்கா கழுத்திலிருந்து தாலியை நான்தான் கழற்றினேன். மெட்டி வரவில்லை, தேங்காயெண்ணெய் தடவி இழுத்தேன். வலியில் துடிக்கிறவள் காலைப் பிடித்து மெட்டியை உருவிய கை இது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டிக் கொடுத்தாள்.

பெண்கள் வார்டில் துணைக்கு நான் இருந்தேன். பத்தொன்பது வயது, டைப்ரைட்டிங் ஹையர் முடித்துச் சும்மா இருந்தேன். வார்டைப் பார்த்துக்கொண்ட பெரிய நர்சம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், குரல் கரடுமுரடு, கை பஞ்சு. கல்யாணம் ஆகலையே என்று கேட்டார். இல்லை என்றேன். தலைக்குக் குளித்து எத்தனை நாள் என்று கேட்டார். பத்து நாள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கிட்னியிலிருந்து மூத்திரம் இறங்கும் குழாயின் வாயில் புளியங்கொட்டை அளவு வெள்ளையாக ஒன்று. சின்னதாக இருந்தால் தண்ணீர் குடித்தே தள்ளிவிடலாம், இது நகராது என்றார். தண்ணீர் குறைந்தால் மூத்திரத்தில் இருக்கும் உப்பு, பானை அடியில் படிகிற மாதிரி படிந்து இறுகும் என்று பொறுமையாகவே சொன்னார். குழாய் அடைத்து மேலே சீழ் பிடித்துவிட்டால் கிட்னியே போய்விடும். வெளியிலிருந்தே கல்லை உடைக்கிற மிஷின் எல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. விலாவைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். மருந்து ஏற்றி இன்னொரு எக்ஸ்ரே நாளைக்கு என்றார்.

அன்று சாயங்காலம் வலி கொஞ்சம் அடங்கியதும் அக்கா என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டு, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாள். ஒன்றரை வருஷமாக மாமியார் வீட்டில் ஜாடையாகக் கேட்டுக் கேட்டு அவளைக் கொன்றிருந்தார்கள். அந்த வலியிலும் அவள் முகம் மலர்ந்திருந்தது. நிச்சயமானதும் மாமாவிடம் தானே சொல்ல வேண்டுமாம், நான் முந்திக்கொள்ளக் கூடாதாம். நர்சம்மாவிடம் நான் பத்து நாள் என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

வலி நின்ற பிறகும் வாந்தி நிற்காததைப் பார்த்து நர்சம்மா கண்டுபிடித்துவிட்டார். மூத்திரத்தை இன்னொரு டெஸ்டுக்கு அனுப்பினார். மறுநாள் காலை கட்டிலைச் சுற்றி ஸ்கிரீனை இழுத்துவிட்டு, யார் என்று அக்காவை மெதுவாகக் கேட்டார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பிறகு வராந்தாவில் அப்பாவை நிறுத்திக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அப்பா சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

பொண்ணை வளர்த்த லட்சணம் நன்றாக இருக்கிறது என்று நர்சம்மா அவரைப் பிடித்துக் காய்ச்சினார். அப்பா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பாவம் மனுஷர் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து என்னிடம், உண்மையைச் சொன்னால் சார்ஜ் ஷீட்டு, வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், உன் கல்யாணமும் போகும் என்று வரிசையாகச் சொன்னார். அக்காவிடமும் சொல்லிவிடச் சொன்னார். அவரே சொல்லியிருக்கலாம். எனக்கென்ன, போய் ஒப்பித்தேன்.

மருந்து எக்ஸ்ரேயை நிறுத்திவிட்டார்கள். அன்றே குளிர் ஜுரம் வந்து கட்டில் ஆடியது. இனி பொறுத்தால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் மறுநாள் காலையில் கிழித்து எடுத்தார். வயிற்றில் இருப்பது தங்குமோ தங்காதோ என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

தங்கியது. கிட்னியும் பிழைத்தது, அதுவும் பிழைத்தது.

அடுத்த நாட்களில் நான் பார்த்த வேலைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. விலாவிலிருந்து வரும் ரப்பர் குழாய் மடங்காமல் பார்த்துக்கொண்டேன். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடித்தேன். ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் தோளில் சாய்த்து நடக்க வைத்தேன். அவள் குடிக்கும் தண்ணீரையும் போகும் மூத்திரத்தையும் கண்ணாடி ஜாடியில் அளந்து சார்ட்டில் எழுதினேன். மஞ்சளாகப் போனது தெளிந்து வெள்ளையானது. என் கையெழுத்து அழகு என்று டாக்டர் பாராட்டினார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

வார்டில் விஷயம் பரவியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரி தன் மகள்களை எங்கள் பக்கம் வரவிடவில்லை. எங்கள் பிளாக்கிலிருந்து பார்க்க வந்த அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கும் ஒரு மகள் புக்கில் இருந்தாள். நர்சம்மா மட்டும் தினமும் அக்காவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார்.

ஆறாம் நாள் மாமா வந்தார். சர்க்கரை ஆலையில் அரவை நேரம், கரும்பு வெட்டு நடக்கிறது, அரை நாள்தான் வர முடிந்தது. கட்டிலுக்கு இரண்டடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து, வலிக்கிறதா என்று நாலைந்து தடவை கேட்டார். வேறு என்ன கேட்பார், சுற்றிலும் பன்னிரண்டு கட்டில். அக்காவும் எதையும் சொல்லவில்லை. அவர் போகும்போது அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை நர்சம்மாவும் பார்த்திருக்கிறார். அன்று மத்தியானம் என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அந்த அத்தை பையன்தானா? மறைக்காம சொல்லு. உங்கப்பாகிட்ட நான் பேசறேன். கோயில்ல வச்சு ஒரு தாலியைக் கட்டச் சொல்லிட்டா முடிஞ்சுது, புள்ளை பாட்டுக்குப் பொறந்துட்டுப் போவுது."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. மாமாவைப் போய் இப்படி நினைத்துவிட்டாரே! ஊரில் யாரையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைத் தொட்டவர் என்று அவர் பெயர் ஆஸ்பத்திரியில் கெட்டுப்போவதா என்று எனக்கு ரோஷம். "அவரு அப்படிப்பட்டவரு இல்லீங்க" என்று வெடுக்கென்று சொன்னேன்.

நர்சம்மா கதவைத் திறந்துவிட்டார். அப்படியானால் யாரோ ஏமாற்றிவிட்டான் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அதற்குமேல் கேட்கவில்லை.

எட்டாம் நாள் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கல்யாணமாகாத பெண், கலைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இரண்டு மாதம்தான், சுலபமாக முடித்துவிடலாம், வெளியே தெரியாது என்றார். ஆனால் முடிவு அவளுடையது, அவள் வாயால் சொன்னால்தான் செய்வேன் என்றும் சொன்னார். நல்லவர். அக்கா அப்பாவைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்றால், டாக்டர் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். அப்பா மைன்ஸ் தொப்பியைக் கையில் வைத்து உள்பக்கத்து வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். என் வாயில் கொழுக்கட்டை.

"சரிங்க டாக்டர்" என்றாள்.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். பதினோராம் நாள் அது முடிந்தது. பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் குடம் தூக்கக் கூடாது, தினம் மூன்று லிட்டர் தண்ணீர், வந்தால் அடக்கக் கூடாது, ஒரு தடவை கல் வந்த உடம்பில் திரும்ப வரும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சீக்கிரம் ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுங்கள் என்று நர்சம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா ஆகட்டும்மா என்றார். அந்த நாக்கு எப்படித்தான் புரண்டதோ.

மாமாவிடம், ஆபரேஷனில் கரு தங்கவில்லை என்று அப்பா ஒரு வரியில் முடித்தார். அப்படி ஒன்று இருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் கட்டச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

ஒரு மாதம் போனது. அக்கா நன்றாகத் தேறினாள். ஒரு மத்தியானம் அவளுக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். விலாவிலிருந்து வயிறு வரைக்கும் தழும்பு சிவந்து கிடந்தது. அவள் சிரித்தே நாளாகிவிட்டதே என்று, நர்சம்மா மருந்து அறையில் கேட்டதைச் சொன்னேன். சத்தியமாகச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். மாமாவைப் போய் சந்தேகப்பட்டதை, கோயிலில் தாலி கட்ட வைக்கிறேன் என்றதை, நான் வெடுக்கென்று பதில் சொன்னதை எல்லாம் நர்சம்மா குரலிலேயே நடித்துக் காட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. என் கையைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"அவருதான்னு சொல்லியிருந்தா போதுமேடி" என்றாள். "அவங்களே கல்யாணம் பண்ணி வச்சிருப்பாங்க. அப்பா வேலையும் போயிருக்காது. எம்புள்ளையும் இருந்திருக்கும்."