டாக்டர் சொன்ன டச் அண்ட் கோ

தண்ணீர் லாரிகள் வரத் தொடங்கிய பிறகுதான் கீழ்க்கட்டளையில் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஜெயக்கொடியின் கணவர் முனிரத்தினத்துக்கும் அவருடைய பெரியப்பா மகன் சம்பந்தத்துக்கும் பொதுவில் ஒரு கிணறு இருந்தது. சம்பந்தம் அதில் பெரிய மோட்டாரைப் போட்டு லாரிகளுக்குத் தண்ணீர் விற்றார். தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில் கிணறு அடிச்சேற்றைக் காட்டியது. முனிரத்தினத்தின் கத்தரிச் செடிகள் நின்ற இடத்திலேயே கருகின.

ஒருநாள் காலையில் முனிரத்தினம் போய் லாரிக்குத் தண்ணீர் போகும் குழாயைக் கடப்பாரையால் குத்திக் கிழித்தார். பம்புசெட்டுக் கொட்டகையிலிருந்து சம்பந்தம் மண்வெட்டியோடு ஓடிவந்தார். முதல் அடி தோளில் விழுந்தது. சாய்ந்தவரின் தலையில் அடுத்த அடி. மண்வெட்டித் தகடு மண்டையில் இறங்கியதை, கஞ்சிச் சட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்த ஜெயக்கொடி பார்த்தாள். ஓடிப்போய்ப் புடவைத் தலைப்பைச் சுருட்டி வெட்டுவாயில் அழுத்தினாள். துணி நனைந்து, ரத்தம் அவள் முழங்கை வரை சூடாக வழிந்தது.

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். முனிரத்தினத்தின் தம்பி தனக்கோடி மொபெட்டில் பின்னாலேயே வந்தான். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வளர்த்த பிள்ளை அவன். ஆபரேஷன் முடியும்வரை சுவரைப் பார்த்து நின்றான்.

டாக்டர் வெளியே வந்தார். நன்றாகத் தமிழ் பேசுகிறவர்தான். களைப்பில் வாயில் வந்தது ஆங்கிலம்.

"இட்ஸ் டச் அண்ட் கோ."

சொல்லிவிட்டுத் தலையை அசைத்தபடி நடந்தார். தனக்கோடி எட்டாவது வரை படித்தவன். டச் தெரியும், கோ தெரியும். பின்னாலேயே வந்த ஆயா, "ஒவ்வொருத்தரா உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடுங்க" என்றாள். அவனுக்கு அதற்குமேல் சந்தேகமே வரவில்லை. உள்ளே போய் அண்ணனின் பாதங்களைத் தொட்டான். சில்லென்று இருந்தன.

வெளியே வந்து, "அண்ணி, டாக்டரே தொட்டுட்டுப் போன்னு சொல்லிட்டாரு. அண்ணன் அவ்ளோதான். நீ இங்கயே இரு. அந்த நாய இன்னா பண்றேன் பாரு" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளப்பினான்.

ஜெயக்கொடி தரையில் விழுந்து மார்பில் அறைந்துகொண்டாள். சத்தம் கேட்டு நர்ஸ் யூனிஸ் ஓடிவந்தாள்.

"யாரும்மா செத்துட்டாங்கன்னு சொன்னது?"

"டாக்டர்தான் சிஸ்டர். தொட்டுட்டுப் போன்னாராம். என் கொழுந்தன் காதால கேட்டுட்டுப் போறான்."

யூனிஸுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "டச் அண்ட் கோவா? அய்யோ, அதுக்கு அர்த்தம் அது இல்லம்மா! பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், இப்போ எதுவும் சொல்ல முடியாதுன்னு அர்த்தம். ட்ரெயின் கிடைக்குமா கிடைக்காதான்னு ஓடும்போதுகூட எங்க அண்ணன் அப்படித்தான் சொல்லும். உங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இருக்கு. வந்து பாருங்க."

ஜெயக்கொடி எழுந்து அந்தக் கதவைப் பார்த்தாள். உள்ளே போனால் புருஷன். ஊருக்குப் போகாவிட்டால் அங்கே தனக்கோடி என்ன செய்வான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சிஸ்டர், நான் வர்ற வரைக்கும் அவரு கையப் புடிச்சிகினு இருங்க" என்று சொல்லிவிட்டு, ரத்தம் காய்ந்த புடவையோடு தெருவுக்கு ஓடினாள். சேலையூர், மேடவாக்கம் வழியாக ஆட்டோ பறந்தது. வழியெல்லாம் டிரைவரை அதட்டிக்கொண்டே வந்தாள்.

கிணற்றடியில் கூட்டம் எட்ட நின்றது. கிட்டே போக ஒருவருக்கும் துணிவில்லை. கொட்டகைக்குள் ஒளிந்திருந்த சம்பந்தத்தைத் தனக்கோடி காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தான். தடுக்க நீட்டிய வலது கை மணிக்கட்டில் அறுந்து தோலில் தொங்கியது. தோளிலும் முதுகிலும் வெட்டுகள் வாய் பிளந்திருந்தன. சம்பந்தம் மண்ணைக் கடித்துக்கொண்டு முனகினார். தனக்கோடி கழுத்துக்குக் குறிபார்த்து அரிவாளை ஓங்கினான்.

"அண்ணன் உசுரோடதான் கீறாருடா!"

"பொய் சொல்ற அண்ணி! நவுரு!"

அரிவாள் இறங்கியது. நடுவில் பாய்ந்த ஜெயக்கொடி இடது கையால் அலகைப் பிடித்தாள். இரண்டு விரல்கள் துண்டாகி மண்ணில் விழுந்தன. அவள் விடவில்லை. மிச்ச விரல்களால் இறுக்கிக்கொண்டு, "டாக்டரு சொன்னதுக்கு அர்த்தம் வேறடா. பொழைக்கலாம், பொழைக்காமயும் போலாம்னு சொன்னாரு. நர்ஸம்மாவக் கேட்டுட்டுத்தான் வர்றேன்" என்றாள்.

தனக்கோடி அவள் கையைப் பார்த்தான். அரிவாளை விட்டுவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தான். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

முனிரத்தினம் பிழைத்தார். ஒரு பக்க வாய் கோணியது, பேச்சு குழறியது. சம்பந்தமும் பிழைத்தார், வலது கை போய்விட்டது.

செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்கு நடந்தது. சம்பந்தம்தான் முதலில் அரிவாளை எடுத்தார் என்று சொன்னால் தனக்கோடி தப்பலாம் என்று வக்கீல் ஜெயக்கொடிக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாள். "மம்முட்டியால என் வூட்டுக்காரர வெட்டுனது அவரு. அருவாளால அவர வெட்டுனது என் கொழுந்தன். மம்முட்டி எறங்குனதக் கண்ணால பாத்தேன். அருவா என் கையிலயே எறங்குச்சி."

இருவருக்கும் தண்டனை கிடைத்தது. "என் தம்பிய உள்ள தள்ளிட்டியே" என்று குழறிய முனிரத்தினம், அதன்பிறகு பல மாதம் அவளோடு பேசவில்லை.

வேலூர்ச் சிறைக்கு அவள் தனியாகவே போய் வந்தாள். முதல் தடவை கம்பி வலைக்கு அப்பால் தனக்கோடி தலை குனிந்து நின்றான்.

"நீ நெஜத்தத்தான சொன்ன அண்ணி. அத வுடு. அண்ணன் சாப்புடறாரா?"

"மெல்ல முடியல. கொழைய பெசஞ்சி குடுத்தா முழுங்குறாரு."

அவன் அழுதான். வீடு திரும்பியதும், சோற்றைப் பிசைந்து ஊட்டியபடியே அவன் கேட்டதைக் கணவரிடம் சொன்னாள். அடுத்த முறை அவள் வேலூருக்குக் கிளம்பியபோது, சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் முனிரத்தினம் வாசலில் நின்றிருந்தார்.