நனையாத துணி வலை

மொத்தம் ஆறு மணி நேரம் இருபது நிமிடம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை நாலு இருபதுக்கு முடித்தோம்.

இது நிஜமாக நடந்தது. இரவில் அல்ல, பட்டப்பகலில். நான் இயற்பியல் படித்தவள். அளக்க முடியாததை நம்பிப் பழக்கமில்லை. அதனால்தான் நேரத்தைக் குறித்து எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் அன்று எனக்குத் தெரியாது. அதை அது தெரியவந்த இடத்திலேயே சொல்கிறேன்.

அக்கா ஒரு ஹெவி மெட்டல் குழுவின் பாடகி. குழுவை ஆரம்பித்ததே அவள்தான். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்வது என் வேலை. புது ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. எல்லாமே ஆவிகளை அழைப்பது பற்றியவை. எட்டு பாட்டு போன மாதமே முடிந்துவிட்டது. ஒன்பதாவதின் வரிகளை அக்கா அன்று காலைதான் எழுதி முடித்தாள். 'வா, என் வாய் திறந்திருக்கிறது, வந்து பேசு' என்று தொடங்கும்.

கிதார் வாசிப்பவரை எல்லோரும் கொம்பன் என்று கூப்பிடுவோம். ஆள் பரம சாது. காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"வாயத் திறந்து வெச்சா ஆவி வராது தாயே, ஈதான் வரும்."

பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"நாளைக்கு மிக்ஸிங். இன்னிக்கு நீ முடிக்கலன்னா வேற ஆளத்தான் பாட வெக்கணும். எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். தப்பா நினைக்காத."

அக்காவின் முகம் வெளுத்தது. பதில் பேசவில்லை. பதிவு நாட்களில் அவள் பேசவே மாட்டாள். உறுமிப் பாடுகிறவள், தொண்டையைக் காப்பாற்ற வேண்டும். சொல்ல நினைப்பதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். இந்தத் தடவை பத்து நாளாக வீட்டிலும் மௌனம்தான். 'இப்பதான் வீடு வீடா இருக்கு' என்று அம்மா கிண்டல்கூடச் செய்தாள்.

"முடிச்சிடுவா அண்ணா," என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் ஸ்டுடியோவில் ஜன்னல் கிடையாது. அக்கா கண்ணாடி அறைக்குள். நான் வெளியே, கணினி முன்னால். அவள் குரல் எனக்கு ஸ்பீக்கர் வழியாக மட்டும்தான் கேட்கும். அவளுக்கு ஹெட்போன்.

முதல் டேக்கே அபாரம். கொம்பன் தொடையில் தட்டிக்கொண்டார். அக்கா மட்டும் ஒரு கணம் திடுக்கிட்டு நின்றாள். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

11:20. இடைவேளை. மைக்குக்கு முன்னால் ஒரு துணி வலை இருக்கும். பாடுகிறவரின் எச்சிலும் மூச்சும் மைக்கில் அடிக்காமல் தடுக்க. அக்கா ஒரு மணி நேரம் உறுமினால் அந்த வலை நனைந்துவிடும், நான்தான் மாற்றுவேன். மாற்றப் போனேன். தொட்டுப் பார்த்தேன்.

வலை காய்ந்திருந்தது.

தண்ணீர் பாட்டிலும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. தள்ளி நின்று பாடுகிறாள் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

12:50. ஒரு வரி நீண்டுகொண்டே போனது. திரையில் அளந்தேன். ஐம்பத்தெட்டு விநாடி. நடுவில் மூச்சே இல்லை. முந்தைய டேக்குகளை ஓட்டிப் பார்த்தேன். காலையிலிருந்து எந்த டேக்கிலும் மூச்சு இழுக்கும் சத்தம் இல்லை.

"அக்கா... நடுவுல மூச்சு எடுக்கலையா?" மைக்கில் கேட்டேன்.

அவள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். 'நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை?'

புரியவில்லை. சிரித்து வைத்தேன்.

2:35. திரையில் அலை எழுந்தது. பிறகுதான் அக்காவின் உதடு திறந்தது.

முதலில் சத்தம்... அப்புறம் உதடு.

கணினியைத் திட்டினேன். அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதேதான்.

3:30. கொம்பன் சாப்பிடப் போனார்.

3:42. அக்கா சுண்டுவிரலைக் காட்டிவிட்டு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடி அறை காலி. மைக் மட்டும் திறந்திருந்தது.

ஒலி மீட்டரில் பச்சைக் கோடு ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது...

ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன்.

ஸ்ஸ்ஸ்...

மூச்சு. அன்று முதல் தடவையாக அது மூச்சு இழுத்தது. நீளமாக. நிதானமாக.

பிறகு அக்காவின் குரல்.

"குட்டி..."

வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"குட்டி... நல்லா வந்துச்சா?"

கண்ணாடிக்குள் யாருமில்லை.

என் தோளில் ஒரு கை விழுந்தது.

அலறிவிட்டேன்.

அக்கா. ஈரக் கை. என்ன என்று புருவத்தை உயர்த்தினாள்.

நான் சொல்லவில்லை. சொன்னால் பதிவு நிற்கும். நின்றால் அவள் இடம் போய்விடும். 'ஒண்ணுமில்லக்கா' என்றேன். இன்னும் ஒரே ஒரு டேக். 4:20க்கு முடித்தோம். அவளைக் கட்டிப்பிடித்தேன். துணி வலையை நான் தொடவில்லை. சாப்பிட்டுத் திரும்பியிருந்த கொம்பன்தான் கழற்றிவந்து என் கையில் வைத்தார்.

காய்ந்திருந்தது.

மறுநாள் காலை அக்கா சிலேட்டை நீட்டினாள். 'டாக்டர்கிட்ட போகணும். கூட வா.'

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குரல்நாண்ல ரத்தம் கட்டியிருக்கும்மா. பத்து நாளாவது இருக்கும். இதுவரைக்கும் ஏன் வரல?"

"நேத்து ஆறு மணி நேரம் பாடினாங்களே டாக்டர்..."

"வாய்ப்பே இல்ல. இவங்களுக்கு வெறும் காத்துதான் வரும்."

அக்காவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தாள்.

வெளியே, நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு நாளில் முதல் தடவையாகப் பேசினாள். காற்றுதான் வந்தது.

"கோச்சுக்காத குட்டி. சொன்னா என்னைக் குழுவுலருந்து எடுத்துடுவாங்கன்னு பயம். ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாக்கலாம்னுதான் உள்ள போனேன். வாயத் திறந்தேன், சத்தமே வரல. ஆனா ஹெட்போன்ல என் குரல் கேட்டுச்சு. உடனே புரிஞ்சிடுச்சு."

"என்னக்கா புரிஞ்சது?"

"என் குரல் போனத நீ கண்டுபிடிச்சிட்டன்னு. எல்லாப் பாட்டுக்கும் முன்னாடியே ஒரு தடவ சும்மா பாடி வெப்போமே, கைடு டிராக்... அத ஓட்டி என்னைக் காப்பாத்துறன்னு. பயத்துல வேற எதுவும் யோசிக்கத் தோணல. அப்புறம் நாள் முழுக்க வாய மட்டும்தான் அசைச்சேன்." என் கன்னத்தைத் தொட்டாள். "இத உயிர் இருக்கறவரைக்கும் மறக்க மாட்டேன்டி."

அவள் கண்ணில் அவ்வளவு நன்றி.

கன்னத்திலிருந்த அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

"அந்தப் பாட்டுக்கு நாம கைடு டிராக்கே எடுக்கலக்கா."