வெள்ளை றோசா கேட்ட விலை

அந்த வருசம் நாட்டில் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. இல்லாததையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும். மாம்புரிக் கிராமத்து றிஸ்மியாவுக்கு முதலில் இல்லாமல் போனது ஓட்டோ. நுரைச்சோலையில், வெளியூர் வேலையாட்கள் தங்கும் விடுதியொன்றின் குசினியில் அவளுக்கு வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு உள்ளே நிற்க வேண்டும். நாற்பது பேருக்குப் பாணும் பருப்பும் சம்பலும் ஏழு மணிக்கு முன் மேசைக்கு வந்தாக வேண்டும். நாலு பெண்கள் சேர்ந்து மாதக் கணக்கில் பிடித்திருந்த ஓட்டோ பெற்றோல் வரிசையில் போய் நின்றது. அன்றிலிருந்து அவள் நடந்தாள்.

ஆறு கிலோமீற்றருக்கு மேலே நடை. போகும்போது இருட்டு, வரும்போது வெயில். கால்விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, செருப்பு பட்டாலே உயிர் போனது. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற ஊர் என்று நுரைச்சோலைக்குப் பெயர். அந்த அனல்மின் நிலையத்தின் பெரிய புகைக்கூண்டுக்குப் பக்கத்து வீடுகளிலும் விளக்கு அணைந்துதான் கிடந்தது. யாரைப் போய்த் திட்டுவது?

புருசன் ஃபைஸல் கடல்காரன். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் ஆறு கிழமையாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு புத்தளத்து வரிசைக்குப் போனால் இரண்டு நாள், மூன்று நாள் அங்கேயே படுத்துக் கிடப்பான். மூன்று பிள்ளைகள். ஐந்து வயிறும் றிஸ்மியாவின் சம்பளத்தை நம்பித்தான் இருந்தன. அந்தச் சம்பளம் அவளுடைய இரண்டு காலை நம்பி இருந்தது.

மூன்றாவது முறை பிந்திப் போன அன்று விடுதிப் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார், உண்மையில் நல்ல மனிதர்தான்.

"நான் கெட்ட ஆள் இல்ல, றிஸ்மியா. ஆனா அவங்களுக்குச் சாப்பாடு இல்லாட்டி என்ட வேலையும் போகும். திங்கக்கெழமையில இருந்து நேரத்துக்கு வரணும். இல்லாட்டி வேற ஆள் போடுவன்."

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்ய?

சைக்கிள் ஒன்று இருந்தால் அரை மணி நேரப் பாதை. ஆனால் சைக்கிளுக்கு அந்த நாளில் தங்கத்தின் மவுசு. கடையில் புதிதின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அப்போதுதான் சிலாபத்துக் கடைக்காரர் ஒருவர் நடத்திய ஃபேஸ்புக் பக்கம் அவள் கண்ணில் பட்டது. ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள்களை ஏலத்தில் விடுகிறார்கள். படத்துக்குக் கீழே விலையை எழுத வேண்டும். வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைசியாக யாருடைய விலை நிற்கிறதோ அவருக்குச் சாமான். முன்னால் கூடை வைத்த, நீல நிறப் பெண்கள் சைக்கிள் ஒன்று. தொடக்க விலை பதினையாயிரம்.

அந்தப் பதிவைப் பள்ளிவாசல்துறையில் இருக்கும் கூடப்பிறந்த நானாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, நல்லதா என்று கேட்டாள். சரீப் நானாவுக்கு மீனும் தெரியும், சைக்கிளும் தெரியும். உடனே போன் எடுத்தார்.

"நல்ல சாமான் தங்கச்சி. ஜப்பான் சட்டம், லேசில துருப் பிடிக்காது. வாங்கப் போறியா?"

"எங்க நானா வாங்குற? சும்மா பாத்தன். திங்கக்கெழம வேலை போகப் போகுது, அதுதான் பாத்துக்கொண்டிருக்கன்."

பொய்தான். அதற்கு முதல்நாள்தான் அவள் காதுத் தோட்டைக் கழற்றி, நகை வாங்கும் ஒருத்தியிடம் கொடுத்து, இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கி வைத்திருந்தாள். நானாவிடம் அதை எப்படிச் சொல்வாள்? வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு, அவளுடைய கல்யாணத்துக்காக நானா இரண்டு வருசம் கடலில் கிடந்து செய்து போட்ட தோடு அது. முக்காடு போட்டால் காது யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஃபேஸ்புக்கில் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் இருப்பது குறைவு. ஒருத்தி பூனைக்குட்டியாக இருப்பாள், ஒருத்தி கஃபா படமாக இருப்பாள். றிஸ்மியா 'வெள்ளை றோசா'. புருசனைத் தவிர வேறு ஆண்கள் யாருக்கும் அது தெரியாது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டுப் போனோடு உட்கார்ந்தாள். ஃபைஸல் வரிசையில். பிள்ளைகள் வெளியே. இருபத்திரண்டாயிரம் வரை ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்: வெள்ளை றோசாவும், கப்பல் படம் போட்ட 'சீ கிங் ஏழு' என்றொருவனும்.

அவள் ஐந்நூறு கூட்டினால் அவனும் ஐந்நூறு கூட்டினான். நாலே முக்காலுக்குக் கையில் இருந்த கடைசிச் சதத்தையும் எழுதினாள்: இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் முணுமுணுத்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சீ கிங் எழுதிவிட்டான்: இருபத்தொன்பதாயிரம்.

முடிந்தது. போனை வைத்துவிட்டு அழுதிருந்தால் அது அழுகையோடு போயிருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பெண்ணுக்கும் பொருந்தும். எவனோ பணக்காரன், வீட்டில் கார் நிற்கிறது, பெற்றோல் வரும்வரை பொழுதுபோக்குக்கு ஒரு சைக்கிள் என்று அவளாகவே ஒருவனைக் கற்பனை செய்துகொண்டாள். அவனுடைய தொந்தியைக்கூடப் பார்த்தாள். எடுக்கிறாயா, எடு. ஆனால் சும்மா எடுக்க விடமாட்டேன். கையில் இல்லாத காசுக்கு முப்பதாயிரம் என்று எழுதினாள்.

வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எத்தனையோ பயானில் கேட்டவள்தான். கடற்கரையில் மீன் ஏலத்தில் ஒருவன் அப்படிச் செய்தால் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். இங்கே சட்டையும் இல்லை, ஆளும் இல்லை. முப்பத்திரண்டு, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. அவன் விடவில்லை, அவளும் விடவில்லை. ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது முப்பத்தொன்பதரை என்று எழுதினாள்.

பதில் இல்லை. ஒரு நிமிடம் போனது. அல்லாஹ்வே, சாமான் தன் தலையில் விழப்போகிறதே! இன்னும் அரை நிமிடம். அப்போது வந்தது: நாற்பதாயிரம்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தொந்திக்காரன் நன்றாக மாட்டினான் என்று நினைத்தாள். பிறகுதான் அழுகை வந்தது. வந்த அழுகை பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகை வரை நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நீல நிறச் சைக்கிள். அதைப் பிடித்துக்கொண்டு, சட்டை முழுக்க வியர்வையோடு சரீப் நானா நின்றார். மரக்கறி லொறியொன்றில் சிலாபத்துக்குப் போய், அங்கிருந்து சைக்கிளை மிதித்தே வந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது.

"இந்தா, ஒன்ட சாமான். நாளைக்கு நேரத்தோட போ."

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒனக்குச் சொன்னா வேணாம் எண்டு நிப்பாய். அதுதான் கூட்டாளி ஒருத்தன்ட பேர்ல கேட்டன். குடுக்கிறது தெரியாமக் குடுக்கணும் எண்டும் நெனச்சன்." தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தார். "இருபத்தொன்பதுக்கு முடிஞ்சிருக்கும் புள்ள. கையில இருந்ததும் அவ்வளவுதான். ஒரு நாசமாப் போவான், வெள்ளை றோசாவாம், ஏத்தோ ஏத்தெண்டு ஏத்திட்டான்."

"அப்ப மிச்சக் காசு?"

"வலய வித்திட்டன்." அதை நானா ஏதோ பழைய சாக்கை விற்றதுபோலச் சொன்னார். "வலயில ஒரு பங்க வித்துச் சமாளிக்கலாம் எண்டுதான் ஏத்தினன். கடைசில முப்பத்தொன்பதரை கேட்டான் பாரு, அப்ப கைவிடத்தான் நெனச்சன். பக்கத்துல நிண்ட யாவாரிட்ட கேட்டன், முழு வலையையும் எடுக்கிறியா எண்டு. பதினொண்டு தாறன் எண்டான். அறுவது பெறும். எண்ணெய் இல்லாத காலத்துல ஆரு வல வாங்குற? ஓம் எண்டிட்டன்."

றிஸ்மியாவுக்கு அந்த ஒன்றரை நிமிடம் முழுதாக விளங்கியது. உள்ளே அலுமாரியில் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் தோடு விற்றதைச் சொல்ல வேண்டும். தோட்டைச் சொன்னால் றோசாவையும் சொல்ல வேண்டும். பாதி வலைகூட அந்தக் காசுக்கு வராது. அவளுடைய கால் அசையவில்லை.

நானா இரண்டு கையையும் ஏந்தினார். "வயித்தெரிச்சல்ல சொல்றன். அந்த றோசா எவனோ, அவன்ட வீட்டுல பறக்கத்தே இல்லாமப் போகட்டும், ஒண்டும் வெளங்காமப் போகட்டும். ஆமீன் சொல்லு தங்கச்சி."

சொல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஆமீன்."

வேலை போகவில்லை. தோட்டுக் காசு அரிசிக்கும் பால்மாவுக்கும் இரண்டு மாதத்தில் கரைந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைக்காத நாள் இல்லை, சொன்ன நாளும் இல்லை.

பிறகு மண்ணெண்ணெய் வந்தது. வந்த முதல் விடியலில் கரை முழுக்க விளக்கும் கூச்சலுமாக இருந்தது. ஃபைஸலும் அன்று இருட்டோடேயே கடலுக்குப் போயிருந்தான். றிஸ்மியா கரையோரப் பாதையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது நானாவைக் கண்டாள். கடலுக்குப் போக வலை இல்லாத மனிதர் அவ்வளவு தூரம் மாம்புரிக் கரைக்கு வந்து, வள்ளம் வள்ளமாகப் போய், கூலிக்கு ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கப்பட்டவன் அவருடைய மகன் வயதுக்காரன். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவர் அடுத்த வள்ளத்துக்கு நடந்தார்.

அவள் பிரேக்கைப் பிடித்தாள். இறங்கிப் போய், காலைப் பிடித்துச் சொல்லிவிடலாம். இன்றைக்கே, இப்போதே. கூடையில் கிடந்த போனில் நேரத்தைப் பார்த்தாள். ஐந்து பத்து, இன்னும் இருபது நிமிடம்.

அவள் மிதித்தாள்.