எல்லாருக்கும் திறந்துவிட்ட சர்வர்

எங்கள் முதலாளிக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று, சர்வரின் பாஸ்வேர்டை யாராவது கேட்பது. இன்னொன்று, மதியத் தூக்கத்தில் எழுப்புவது. ஒரு மணிக்கு ஊரே ஷட்டரை இறக்கும்போது அவரும் லாஸ்பேட்டை ஆபீசிலிருந்து கதிர்காமத்து வீட்டுக்குப் போய், போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் படுப்பார்.

வெப்சைட் செய்யும் சின்ன கம்பெனி. இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். அதைத் தடுத்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கன்டெய்னர் கொடுத்திருந்தோம், ஒரே வீட்டில் பல குடித்தனம் மாதிரி. எந்தக் குடித்தனத்தில் ஆணி அடிக்கவும் முதலாளி வர வேண்டும்.

அன்று தோல் பை செய்யும் பாய் ஒருவரின் வெப்சைட் தயாராக வேண்டும். பிரான்சிலிருந்து ஓர் அம்மாள் நம் நேரம் மூன்றரைக்குள் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஆர்டர் வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று பாய் காலையிலிருந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை.

பைகளின் படங்களைக் காட்ட ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜ் போட வேண்டும். போட்டால் ‘பர்மிஷன் டினைட்’. முதலாளி வந்து ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டார். அடுத்த ஃபோல்டர் மறுத்தது. அதையும் திறந்தார். மறுபடி கூப்பிட்டபோது மணி ஒன்று.

“சும்மா சும்மா கூப்ட்டுக்கினே இருக்கியே! எல்லாத்தையும் எல்லாருக்கும் தொறந்து வுட்டுட்டேன், போ.”

ஒரே கட்டளை. கன்டெய்னரிலிருந்த எல்லாக் கோப்புகளையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். ரீஸ்டார்ட் செய்துவிட்டு வள்ளல் கிளம்பிப் போனார்.

அதன்பிறகு என்னால் கன்டெய்னருக்குள்ளேயே நுழைய முடியவில்லை. உள்ளே விடுவதற்கான ரகசியச் சாவி இருக்கும் கோப்பே ஊருக்குத் திறந்து கிடக்கிறது, இதை நம்ப மாட்டேன் என்று லினக்ஸ் கதவைச் சாத்திக்கொண்டது. தப்பு அதன் பேரில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டைத் தூக்கி அடித்திருப்பேன். பாய் பின்னால் நின்றதால் அடிக்கவில்லை.

ஸ்கூட்டியில் போய் முதலாளி வீட்டுக் கதவைத் தட்டினேன். “அவரு தூங்கறாரும்மா” என்றார் அவர் மனைவி, யாரோ இறந்துவிட்ட குரலில். நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

முதலாளி கைலியோடு ஆபீசுக்கு வந்து, முந்தின நாள் பேக்கப்பிலிருந்து கன்டெய்னரைத் திரும்பக் கட்டினார். பேக்கேஜையும் தன் கையாலேயே போட்டார். பைகள் திரையில் வந்தபோது மணி நாலு.

பாய் பிரான்சுக்குப் போன் போட்டார். ஏதோ பிரெஞ்சில் பேசிவிட்டு வைத்தார்.

“அந்தம்மா இன்னும் பாக்கலியாம். சாப்ட போயிட்டாங்களாம். வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவுமாம்.”

முதலாளி என்னைப் பார்த்தார். “இதுக்கா என்னை எழுப்புன?” விட்ட தூக்கத்தைப் பிடிக்க வீட்டுக்குப் போனார். பாய் அன்று முதல்முறையாக உட்கார்ந்தார்.

ஆறு மணிக்கு மேல் ஆர்டர் வந்தது. பாய் அழுதுவிட்டார், நானும்தான். முதலாளிக்குச் சொல்ல போன் போட்டேன். ரிசீவர் இன்னும் கீழேதான் கிடந்தது.