காசு கொடுத்து வாங்கிய நித்திரை

போன கிழமை ஒரு காலை. தேத்தண்ணி போடலாம் என்று குசினிப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாசல் கதவடியில் ஒரு சூட்கேஸ் நின்றது.

சும்மா நின்ற சூட்கேஸ் இல்லை. சிப் பூட்டி, கைபிடியை மேலே இழுத்துவிட்டு, பக்கத்தில் சப்பாத்தையும் வைத்து... புறப்படத் தயாராக நின்ற சூட்கேஸ்.

தர்ஷினியுடையது. என் வீட்டுப் பின்னறையில் ஒரு மாதமாகத் தங்கியிருக்கிற நேர்ஸ் பிள்ளை. ஒரு சதம் வாடகை வாங்கவில்லை நான். சிட்னியில் சும்மா ஓர் அறை, மூன்று நேரமும் சாப்பாடு, ரயில் ஸ்டேஷனுக்கு நடை தூரம். இதை உதறிவிட்டுப் போகிற மனிதர் யாரையாவது நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன். துங்காபியில், என் வீட்டு வாசலில்.

கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். அவசரமில்லை, தேத்தண்ணி ஆறட்டும்.

மெல்பேர்னில் கிரான்பர்ன் பக்கம் என் சின்னம்மாவின் மகள் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்தத் தர்ஷினி. ஐ.சி.யூ.வில் வேலை. புருஷன் ஒரு பெரிய கிடங்கில் பாரம் தூக்கி முதுகு பிடித்து வீட்டோடு இருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். வீட்டுக் கடன் தலைக்கு மேல். ஒரு சம்பளத்தில் தவணை இழுபடத் தொடங்கியதும் இந்தப் பிள்ளை துணிந்து ஒரு முடிவெடுத்தது. நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் வேலை செய்கிற நேர்ஸாக மாறிவிட்டது.

இப்படி ஒரு தொழில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஆள் போதாவிட்டால் ஏஜென்சியைக் கேட்பார்களாம். ஏஜென்சி இவளை அனுப்பும். மூன்று மாதம் ஒரு கொன்ட்ராக்ட். அது முடிய வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. மணித்தியாலச் சம்பளம் மற்றவர்களை விடக் கூடுதல்.

“அப்ப அள்ளிக் கொட்டுது எண்டு சொல்லு” என்றேன் வந்த அன்று.

சிரித்தாள். “கூடத்தான் அன்ரி. ஆனா காய்ச்சல் எண்டு படுத்தாக் காசில்லை. லீவு எடுத்தாக் காசில்லை. இண்டைக்கு வரவேண்டாம் எண்டு அவையளே போன் அடிச்சாலும் காசில்லை. தங்கிறதுக்கெண்டு கொஞ்சம் தருவினம். அது சிட்னியில அரை றூமுக்குத்தான் காணும்.”

“மற்ற அரை?”

“அதைத்தான் அந்தக் கூடின சம்பளம் தின்னுது.”

தூரத்து நாட்டுப்புற ஊர்களுக்குப் போனால் சம்பளமும் கூடுதல், இருக்க வீடும் தருவார்களாம். “அங்க போயிருக்கலாமே பிள்ளை?” என்று கேட்டேன். அங்கேயிருந்து கிரான்பர்னுக்கு வந்து போவதென்றால் லீவெல்லாம் வழியிலேயே முடிந்துவிடுமாம். சிட்னி என்றால் இரண்டு நாள் ஓஃப் கிடைத்தாலும் பறந்து போய் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சம்பளம், வாடகை, பிளேன் டிக்கெட், மகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கூட்டிக் கழித்து வைத்திருந்தாள். நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதைவிட என்னை மலைக்க வைத்தது இன்னொன்று. வந்த மறுநாளே வேலைக்குப் போனாள். அதற்கு முதல் அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதித்ததில்லை. “ஒருக்காச் சுத்திக் காட்டினவை அன்ரி. பிறகு பேஷன்ரைத் தந்திட்டினம்” என்றாள், கடையில் பாண் வாங்கி வந்ததுபோல.

நினைத்துப் பாருங்கள். என்னை இன்னொருத்தியின் குசினியில் சமைக்கச் சொன்னால் உப்புப் போத்தல் எங்கே என்று தேடியே களைத்துவிடுவேன். இவளோ தெரியாத இடத்தில், தெரியாத ஆட்களோடு, குழாயும் மெஷினுமாகக் கிடக்கிற ஒரு நோயாளியின் உயிரைக் கையில் ஏந்துகிறாள். பின்னேரம் இருட்டத் தொடங்கும்போது போனால் விடிந்து சூரியன் ஏறித்தான் வருவாள்.

சரி, நான் ஏன் வாடகை வாங்கவில்லை? இதென்ன கேள்வி! என் வீட்டில் சாப்பிட்டுப் படுக்கிற தமிழ்ப் பிள்ளையிடம் காசுக்குக் கை நீட்டுவேனா? நானும் போய்ச் சேர்ந்த என் மனுஷனும் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் தங்கிப் போனவர்களுக்குக் கணக்கே இல்லை. ஒருவரிடமும் வாங்கியதில்லை. கோயிலில் நாலு பேர் “அன்ரி வீடு சத்திரம் மாதிரி” என்று சொன்னால் எனக்கு உச்சி குளிரும். ஒளிப்பானேன்?

அவள் மெல்பேர்னில் இருந்து முதல் முதலாகப் போன் எடுத்தபோதே வாடகைக் கதையைத் தொடங்கினாள். “வாயை மூடு” என்றேன். பிறகு அவள் கேட்ட கேள்வி, “அறை ஜன்னல் எந்தப் பக்கம் அன்ரி?”

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இந்தக் காலத்துப் பிள்ளை, நேர்ஸ் வேலை பார்க்கிறது, வாஸ்து பார்க்கிறதே என்று. “கிழக்குத்தான் பிள்ளை! காலமை வெயில் நேரே கட்டிலில விழும்” என்றேன் பெருமையாக. “ஓ, சரி அன்ரி” என்றாள். பகலில் படுக்க வேண்டியவளுக்குக் கட்டிலில் வெயில் விழுந்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்கு ஓடவில்லை. அவளும் சொல்லவில்லை. சும்மா வந்து இருக்கப் போகிறவள் ஜன்னலில் குறை சொல்வாளா?

வந்தாள். நான் விழுந்து விழுந்து கவனித்தேன். விடிய வந்து படுப்பாள். மத்தியானம் ஆனதும் கதவைத் தட்டுவேன். சுடச்சுடச் சோறு, மீன் குழம்பு. ஆறினால் என்ன ருசி? தலையை முடிந்துகொண்டு எழும்பி வந்து, “நல்லா இருக்கு அன்ரி” என்று சாப்பிடுவாள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவாள். என் கோப்பையையும் சேர்த்து. வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள்.

அதற்குள் பத்மா வந்துவிடுவாள். பத்மா அடுத்த தெரு, என் கோயில் கூட்டாளி. வீட்டில் ஒரு நேர்ஸ் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தானே? பத்மா தன் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுவருவாள். இன்னொரு நாள் தன் மனுஷனின் ரிப்போர்ட். பிறகு மைத்துனியின் ரிப்போர்ட்.

“பிள்ளை, இந்தக் கொலஸ்ட்ரோலை ஒருக்காப் பாரம்மா.”

பார்ப்பாள். சிரித்துக்கொண்டே பார்ப்பாள். எனக்கு நெஞ்சு விம்மும். என் வீட்டுப் பிள்ளை மாதிரி அல்லவா!

இப்போது அந்தச் சூட்கேஸுக்கு வருகிறேன்.

வேலையால் வந்தவள் படுக்காமல் சாமான் கட்டியிருக்கிறாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தாள்.

“எங்க பிள்ளை வெளிக்கிட்டிட்டாய்?”

“ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில ஒரு றூம் பாத்திட்டன் அன்ரி.”

“எவ்வளவு?”

சொன்னாள். நான் கதிரையை இழுத்து அதில் இருந்துவிட்டேன். “விசரே உனக்கு? அவ்வளவு காசை இஞ்ச குடுத்தா, கிரான்பர்ன் வீட்டுக்கு என்னத்தைக் கட்டுவாய்?”

“தெரியும் அன்ரி. அங்க போனா மிஞ்சுறது ஒண்டும் இல்லை. வந்ததுக்கே அர்த்தமில்லை.”

“பிறகென்ன? இஞ்ச உனக்கு என்ன குறை? சாப்பாடு சரியில்லையோ? நான் ஏதும் சொல்லிட்டனோ?”

“ஐயோ, அப்பிடி இல்லை அன்ரி.” அவளும் ஒரு கதிரையில் இருந்தாள். கொஞ்ச நேரம் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “ராத்திரி மருந்து ஏத்தேக்க அளவு பிழைச்சிட்டுது. நாங்கள் ரெண்டு பேர் சேந்துதான் பாக்கிறது. மற்றப் பிள்ளை கண்டிட்டா. பேஷன்ருக்கு ஒண்டும் ஆகேல்லை. ஆனா நான் காணேல்லை, அன்ரி. என்ர கண்ணுக்கு முன்னால கிடக்குது, நான் காணேல்லை.”

நான் கதிரையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நித்திரை இல்லை எனக்கு. பகலில படுக்காட்டி இந்த வேலை செய்யேலாது. ஆரையாவது கொண்டுபோடுவன்.”

“அதுக்கு... என்னட்டச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. எழுப்பாதேங்கோ எண்டு.”

“எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் சும்மா வைச்சிருக்கிறியள். ஆசையாச் சமைச்சுப்போட்டுத் தட்டுறியள். பத்மா அன்ரி வந்து நிக்கிறா. நான் என்னெண்டு கதவைப் பூட்டிப் படுக்கிறது? காசு குடுத்தாப் பூட்டலாம். காசு குடுக்காமப் பூட்டேலாது அன்ரி.”

என்ன ஒரு வார்த்தை! அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு காலம் எத்தனை பேரை வைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறேன். ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. அத்தனை பேரும் நான் தட்டியதும் எழும்பி வந்து, நல்லா இருக்கு என்று சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

விருந்தாளியாக இருப்பதும் ஒரு டியூட்டி. இந்தப் பிள்ளை இராத்திரி ஆஸ்பத்திரியில் ஒரு டியூட்டி, பகல் என் வீட்டில் இன்னொரு டியூட்டி பார்த்திருக்கிறது. எனக்குப் பெருமை சும்மா கிடைத்தது. அதற்கு வாடகை கட்டியவள் அவள், தன் நித்திரையால்.

“சரி” என்றேன். “வாடகை தா. இஞ்சயே இரு.”

நிமிர்ந்து பார்த்தாள். “உண்மையாவோ?”

“ஐம்பது டொலர் தா.”

“கிழமைக்கோ? போங்கோ அன்ரி, அது பகிடி. முன்னூறு.”

“முன்னூறோ! நான் என்ன கொள்ளைக்காரியே? நூறு.”

“நூறு தந்தா நான் திரும்பவும் விருந்தாளிதான். கோப்பை கழுவ வேணும். இருநூற்றைம்பது.”

“நூற்றைம்பது. அதுக்கு மேல வாங்கினா எனக்கு நித்திரை வராது.”

“அப்ப எங்க ரெண்டு பேரில ஆருக்கு நித்திரை வேணும் எண்டு முடிவெடுங்கோ!”

சிரித்துவிட்டேன். வீட்டுக்காரி குறைக்கிறாள், குடியிருப்பவள் கூட்டுகிறாள். இந்தச் சிட்னியில் இப்படி ஒரு பேரம் நடந்திருக்குமா? வாரத்துக்கு இருநூறில் வந்து நின்றது. ஏஜென்சி தங்கிறதுக்குத் தருகிற காசிலேயே அது அடங்கிவிடும், சம்பளத்தில் கை வைக்கத் தேவையில்லை என்றாள். ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் அவளுக்கு. நான் சந்தையில் வளர்ந்தவள், என்னையே மடக்கிவிட்டாள்.

“சாப்பாட்டுக்குக் காசு எண்டு வாய் திறந்தியோ, இப்பவே சூட்கேஸை எடுத்துக்கொண்டு போ” என்றேன்.

“திறக்கேல்லை அன்ரி. சாப்பாட்டுக்கு நான் விருந்தாளிதான். ஆனா பிரிட்ஜில வையுங்கோ. நான் எழும்பிச் சூடாக்குவன்.”

மீன் குழம்பைப் பிரிட்ஜில் வைப்பதா! வைத்தேன்.

அன்று படுத்தெழும்பிக் கடைக்குப் போய்க் கறுப்புத் திரை வாங்கி வந்தாள். என்னைக் கேட்காமலே சுவரில் ஆணி அறைந்தாள். அந்தச் சத்தம் இருக்கிறதே... ஒரு மாதமாக என் வீட்டில் சத்தமே போடாமல் நடந்த பிள்ளை! மறுநாள், “அன்ரி, ஷவர்ப் பைப் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கோ” என்று உரிமையோடு சொன்னாள். அது இரண்டு வருடமாக ஒழுகுகிறது. தங்கிப் போனவர்கள் ஒருவரும் சொல்லவில்லை.

முந்தாநாள் மத்தியானம் பத்மா வந்தாள். கையில் ரிப்போர்ட்.

“நேர்ஸ் பிள்ளை எங்க அக்கா?”

“நித்திரை.”

“ஒருக்காத் தட்டுங்கோவன். ஒரு நிமிஷ வேலை.”

“ஏலாது பத்மா. அவ வாடகை கட்டுறா.”

பத்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “என்னக்கா இது? எங்கட பிள்ளையிட்டயோ காசு வாங்கிறியள்? நீங்களோ?”

கோயிலில் இது பரவ ஒரு வெள்ளிக்கிழமை போதும் என்று எனக்குத் தெரியும். “அன்ரியும் வாடகைக்கு விட வெளிக்கிட்டா” என்பார்கள். சொல்லட்டும்.

“ஓம், வாங்கிறன். நீ மெதுவாக் கதை.”

அவள் போன பிறகு கதவை ஓசைப்படாமல் சாத்தினேன். சொந்த வீட்டில் கால் நுனியில் நடந்தேன். பின்னறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கிரான்பர்ன் வீட்டுத் தவணையும், முன்பின் தெரியாத யாரோ ஒரு நோயாளியின் இன்றைய இராத்திரியும், அந்தக் கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரைக்குள் தயாராகிக்கொண்டிருந்தன. கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால்கூட நான் அப்படி மூச்சடக்கி நின்றதில்லை.

ஆகையால் வாசகர்களே, என்னைப் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், ஆனால் பெல்லை மட்டும் அடிக்காதீர்கள்!