அம்மாமார் பக்கம், ஐயாமார் பக்கம்

துறைமுகத்துப் பழைய ஐஸ் பக்டரியை வயதானவர்களுக்கு வீடாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மீனை வைத்த இடத்தில் இனி எங்களை வைக்கப் போகிறார்கள், கெட்டுப் போகாமல் இருக்கட்டும் என்றாக்கும். ஆனாலும் போய்ப் பெயர் கொடுத்தேன். ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் குடியிருந்த வீட்டை சுற்றுலா வரும் வெள்ளைக்காரருக்கு அறை அறையாக விடப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் வசதிக்கு டவுனில் வேறு இடம் அகப்படவில்லை. நிலாவெளிப் பக்கம் விசாரித்தால், ஓலைக் கொட்டிலுக்கும் ஹோட்டல் வாடகை சொல்கிறார்கள்.

வீடு எப்படி இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. என் கணவருக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும் வருத்தம். படுத்திருக்கும்போது மூச்சு முட்டும், தானாக எழும்பி இருக்க ஏலாது. நான்தான் முதுகுக்குக் கை கொடுத்து நிமிர்த்தி, இழுவை அடங்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருப்பேன். அவருடைய கட்டில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பக்டரியை வீடாக்கும் வேலையை நடத்தியது ஊர்ப் பெரிய மனிதர்களின் கமிட்டி. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. உத்தியோகத்தை விட்டாரே தவிர அதிகாரத்தை விடவில்லை. அவரும் செயலாளரும் எங்களைக் கூட்டிப்போய்க் கட்டடத்தைக் காட்டினார்கள். தடித்த சுவரை உடைத்து யன்னல் வைத்திருந்தார்கள். நல்ல காற்று, அதைக் குறை சொல்ல மாட்டேன். நடுவில் எல்லாருக்கும் சமைக்கும் பொதுக் குசினி. அதற்கு இரு பக்கமும் இரண்டு நீள மண்டபங்கள், பலகையால் தடுத்த ஒற்றைக் கட்டில் அறைகளாக.

"இது அம்மாமார் பக்கம். அது ஐயாமார் பக்கம்," என்றார் தலைவர், தன் கையால் சாந்து குழைத்துக் கட்டியவர் போல.

"அப்ப புருசன் பெண்சாதியா வாற ஆக்கள்?" என்று கேட்டேன்.

அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். இத்தனை பெரிய தலைகள் மாதக்கணக்காகக் கூடி, வடையும் தேத்தண்ணியுமாகக் கதைத்ததில், இந்த ஒன்று மட்டும் எவருடைய மண்டையிலும் படவில்லை. ஏன் படவில்லை என்றும் எனக்குத் தெரியும். எங்கள் சனம் நாலு பேர் கூடினால் ஆம்பிளையள் ஒரு பக்கம், பொம்பிளையள் ஒரு பக்கம். கோயிலிலும் அப்படி, கலியாண வீட்டிலும் அப்படி, செத்த வீட்டிலும் அப்படி. கமிட்டிக் கூட்டத்துக்குக் கதிரை போடுவதும் அப்படித்தான். அதே கையோடு வீட்டையும் கட்டி முடித்துவிட்டார்கள். பூசைக்கு ஒரு மணித்தியாலம் பிரிந்து இருப்பதும் சாகும் வரைக்கும் பிரிந்து படுப்பதும் இந்த மேதைகளுக்கு ஒன்றுதான்.

"இந்த வயசில என்னம்மா..." என்று இழுத்தார் தலைவர். செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

என் கணவரின் தொய்வைப் பற்றிச் சொன்னேன்.

"இரவில காவலாளி நிப்பார், பயப்பிடாதேங்கோ," என்றார் தலைவர்.

"அவர் கேற்றைப் பார்ப்பாரோ, இவற்ற மூச்சைப் பார்ப்பாரோ?"

"அம்மா, கலாசாரம் எண்டு ஒண்டு இருக்கு. நாலு பேர் என்ன கதைப்பினம்?"

"உங்கட மனிசி எங்க படுக்கிறா?" என்று கேட்டேன்.

என் கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். பாவம், ஒருவரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர். தலைவரின் முகம் கறுத்துப் போனது. ஆனால் காரியம் நடந்தது. வாசலோரம் அலுவலகத்துக்கென்று ஒதுக்கிய அறையை, தற்காலிகமாக என்று பத்துத் தரம் சொல்லி, எங்களுக்குத் தந்தார்கள்.

இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டேன். தொய்வு வந்தபோதெல்லாம் கை கொடுத்தேன். சந்தோசமாகவே இருந்தோம். கமிட்டிக்காரர் விருந்தாளிகளைக் கூட்டி வந்தால் எங்கள் அறையை மட்டும் கக்கூசைக் கடப்பதுபோல விறுவிறு என்று கடந்து போவார்கள். எங்களைப் பார்த்து மற்றவர்களும் வாய் திறப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திறக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு புருசனும் பெண்சாதியும் குசினி மேசையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்க வந்தவர்கள் மாதிரி எழும்பி ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

பிறகு வந்த மாரியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஓட்டோவுக்குள் என் கையிலேயே அவர் போய்விட்டார். நிமிர்த்தித்தான் பிடித்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குத் தலைவரும் வந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"இனிப் பிரச்சினை இல்லைத்தானே அம்மா. நீங்கள் அம்மாமார் பக்கத்துக்கு வரலாம். நாங்கள் அறையை ஒஃபிசுக்கு எடுக்கப் போறம்."

ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். என்னுடைய மனிதர் செத்ததில் இவர்களுடைய பிரச்சினை தீர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"ஓம், வாறன்," என்றேன்.

அடுத்த நாள் விடிந்ததும் என் சாமான்களை அம்மாமார் பக்கம் கொண்டு போனேன். போன கையோடு கிண்ணியா மனிசியின் பெட்டியைத் தூக்கி வந்து அறையில் வைத்தேன். அவளுடைய புருசனையும் கூட்டி வந்து கட்டிலில் இருத்தினேன்.

"தலைவர் வந்து ஏசினா என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

"எங்களில ஒராள் செத்த பிறகு தாறம் எண்டு சொல்லுங்கோ," என்றேன்.